யோசிக்காதே என்றால் மனம் கேட்குமா?

அதிகம் யோசிப்பவரைப் பார்த்து, "சும்மா எதையாவது நினைச்சுக்கிட்டே இருக்காதே, விட்டுத் தள்ளு" என்கிறோம். அக்கறையில்தான் சொல்கிறோம். அம்மா சொல்வார், கூட வேலை செய்பவர் சொல்வார், சில சமயம் மருத்துவரே சொல்லிவிடுவார். கேட்டவரும் விட்டுத் தள்ளத்தான் பார்க்கிறார். அரை மணி நேரத்தில் அதே நினைப்பு திரும்ப வந்துவிடுகிறது. இப்போது அவருக்குப் பாரம் இரண்டு: பழைய கவலை ஒன்று, 'இதைக்கூட விட முடியாத ஆளா நான்' என்கிற மனக்குறை இன்னொன்று.

இந்த அத்தியாயம் அவருக்காக எழுதப்பட்டது. நினைப்பைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள யாராலும் முடியாது. ஆனால் அதற்கு ஒரு நேரம் குறிக்கலாம், அது கேட்கும் கேள்வியை மாற்றலாம், கை கால்களுக்கு வேறு வேலை கொடுக்கலாம். இவை பழகப் பழகக் கைவரும் காரியங்கள். மனம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்தால் பழகுவது இன்னும் சுலபம் என்பதால் அங்கிருந்து தொடங்குவோம்.

வெள்ளைக் கரடி

1987-இல் டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும், டெக்சாஸ் மாநிலத்தின் டிரினிட்டி பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடத்தி வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒவ்வொருவராக அறையில் உட்கார்ந்து, ஐந்து நிமிடம் மனத்தில் ஓடுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது. மீறி நினைத்துவிட்டால் முன்னால் இருக்கும் மணியை அடிக்க வேண்டும். எவ்வளவு முயன்றும் சராசரியாக நிமிடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் கரடி வந்தது. அதைவிட முக்கியமானது அடுத்த ஐந்து நிமிடத்தில் நடந்தது. 'இனி தாராளமாக நினைக்கலாம்' என்று அனுமதி கொடுத்தபோது, முதலிலிருந்தே நினைக்க விடப்பட்டவர்களைவிட, அடக்கிவைத்திருந்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது.

வெக்னர் பின்னாளில் கொடுத்த விளக்கம் நமக்கு மிகவும் பயன்படும். ஒரு நினைப்பைத் தடுக்க வேண்டுமென்றால், அது எட்டிப் பார்க்கிறதா என்று மனத்தின் ஒரு பகுதி காவல் இருந்தாக வேண்டும். காவல் இருப்பதற்கு எதைத் தேடுகிறோம் என்பது ஞாபகத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே தடுக்கும் முயற்சியே நினைப்பை உயிரோடு வைத்திருக்கிறது. களைத்துப்போனால் தடுக்கும் வேலை தளர்ந்துவிடும். காவல் வேலை மட்டும் தானாகவே நடந்துகொண்டிருக்கும். நாள் முழுவதும் அடக்கிவைத்த கவலை, உடம்பு அசந்துபோன ராத்திரி நேரத்தில் பலமாக வருவதற்கு இதுவே ஒரு காரணம்.

இதைத் தெரிந்துகொண்ட உடனேயே ஒரு சுமை இறங்கும். நினைப்பு திரும்பத் திரும்ப வருவது உங்கள் மன உறுதியின் குறைபாடு கிடையாது. எல்லா மனமும் அப்படித்தான் செய்யும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், 2,250 பேரை நாளின் பல வேளைகளில் கைபேசி வழியாகக் கூப்பிட்டு, 'இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது?' என்று கேட்டார்கள். 46.9 சதவீத வேளைகளில் மனம் செய்கிற வேலையில் இல்லாமல் வேறெங்கோ இருந்தது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி! அலைவது மனத்தின் இயல்பு. எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

வட்டி மட்டும் கட்டும் யோசனை

யோசிப்பதே தவறு என்று இந்தப் புத்தகம் சொல்லாது. வீட்டுக் கடன் வாங்கலாமா, வேலையை மாற்றலாமா, அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சையை எங்கே வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், யோசனையின் தோற்றத்திலேயே இன்னொன்று நடக்கும்போது. அதை அசைபோடுதல் என்று வைத்துக்கொள்வோம். நடந்து முடிந்ததையோ, நடக்கக்கூடும் என்று பயப்படுவதையோ மனம் திரும்பத் திரும்ப எடுத்து மெல்லும். பாடுபட்டு வேலை செய்வது போலவே இருக்கும். ஆனால் எந்த முடிவும் வராது. கடனுக்கு மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிக்கொண்டிருப்பவர் நிலைதான்: பணம் போய்க்கொண்டே இருக்கும், அசலில் ஒரு ரூபாய் குறையாது.

இந்தப் பழக்கத்தைத் தன் வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்டவர் சூசன் நோலன்-ஹோக்சிமா (1959–2013). அவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, மாணவர்கள் மனம் சோர்ந்திருக்கையில் என்ன செய்வார்கள், அந்தச் சோர்வையே நினைத்துக்கொண்டிருப்பார்களா, எழுந்து வேறு எதையாவது பார்ப்பார்களா என்று விசாரித்து ஒரு பதிவு எடுத்திருந்தார். சுமார் இரண்டு வாரம் கழித்து, 1989 அக்டோபர் 17 அன்று, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தைப் பெரிய நிலநடுக்கம் தாக்கியது. 63 பேர் இறந்தார்கள். எந்த ஆய்வாளரும் திட்டமிட்டு ஏற்படுத்த முடியாத சூழ்நிலை அது. அதே மாணவர்களை அவர் பத்து நாள் கழித்தும், ஏழு வாரம் கழித்தும் மறுபடி விசாரித்தார். நிலநடுக்கத்துக்கு முன்பே அசைபோடும் பழக்கம் உள்ளவர்களாக இருந்தவர்கள், ஏழு வாரத்துக்குப் பிறகும் கூடுதலான மனச்சோர்வில் இருந்தார்கள். நிலநடுக்கத்துக்கு முன் அவர்கள் எவ்வளவு சோர்ந்திருந்தார்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இந்த வித்தியாசம் நின்றது.

துன்பம் பொதுவாக வந்தது. அது எவ்வளவு நாள் தங்கும் என்பதில் மனத்தின் பழக்கத்துக்கும் பங்கு இருந்தது. பழக்கம் என்பதால் அதை மாற்றவும் முடியும். இந்த அத்தியாயத்தின் நம்பிக்கை முழுவதும் இங்கேதான் நிற்கிறது.

யோசனையையும் அசைபோடுதலையும் பிரித்தறிய நான் சொல்லும் சோதனை ஒன்றுதான். ஒரு விஷயத்தைப் பதினைந்து நிமிடம் யோசித்த பிறகு உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்: எனக்குப் புதிதாக ஏதாவது புரிந்ததா? அடுத்து செய்ய ஏதாவது ஒரு காரியம் கிடைத்ததா? ஏதோ ஒன்று கிடைத்திருந்தால் அது யோசனை, தொடரலாம். எதுவும் கிடைக்காமல் நெஞ்சு மட்டும் கனத்திருந்தால் அசைபோட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வியை மாற்றுதல்

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மகளுக்குப் பார்த்த வரன் கைகூடவில்லை. பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன் வருவது நின்றுவிட்டது. தரகர் மழுப்புகிறார். அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. "நமக்கு மட்டும் ஏன் எதுவுமே அமைய மாட்டேங்குது? அன்னைக்கு நகை விஷயத்துல நான்தான் அவசரப்பட்டுப் பேசிட்டேனோ? சொந்தக்காரங்க என்ன நினைப்பாங்க? இவளுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுதே, கடைசி வரைக்கும் இப்படியேதான் இருக்கப் போறாளா?"

இந்தக் கேள்விகளை வரிசையாகப் பாருங்கள். எதற்கும் இன்று இரவு விடை கிடையாது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிது. நகைப் பேச்சில் தொடங்கியது மகளின் ஆயுள் முழுவதற்கும் நீண்டுவிட்டது. 'ஏன் எனக்கு மட்டும்', 'ஏன் எப்போதும்', 'என்னிடம் என்ன குறை' என்று தொடங்கும் கேள்விகளின் இயல்பு இதுதான். குறிப்பிட்ட ஒரு நாளில் நடந்த ஒன்றைப் பிடித்து, மொத்த வாழ்க்கையின் தீர்ப்பாக ஆக்கிவிடும்.

இங்கிலாந்தின் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் வாட்கின்ஸ் இதைத்தான் நெடுங்காலம் ஆராய்ந்துவருகிறார். அவருடைய முடிவின் சாரம்: ஒரே துயரத்தைப் பற்றி நினைத்தாலும், பொத்தாம்பொதுவாக நினைப்பவர் மேலும் அமிழ்கிறார், நடந்ததை நடந்தபடி, விவரம் விவரமாக நினைப்பவருக்கு வழி புலப்படுகிறது. இந்த அடிப்படையில் அவர் உருவாக்கிய சிகிச்சை முறை மனச்சோர்வுக்குப் பயன்படுத்தப்படுகிறது.

அந்த அம்மா கேள்வியை இப்படி மாற்றிப் பார்க்கலாம். அன்றைக்குச் சரியாக என்ன நடந்தது? யார் எந்தப் பேச்சை எடுத்தார்கள்? நான் சொன்ன வார்த்தை என்ன? இதில் எனக்குத் தெரிந்தது எது, நானாக ஊகித்தது எது? தரகர் "பார்க்கலாம்மா" என்றது தெரிந்த விஷயம். 'நகைப் பேச்சால்தான் போய்விட்டது' என்பது ஊகம். இந்தப் பிரிவினையைத் தாளில் கோடு போட்டு எழுதினால் தெரிந்த பக்கம் எவ்வளவு சிறியது என்பது கண்ணுக்கே தெரியும். பிறகு கடைசிக் கேள்வி: நான் செய்யக்கூடிய மிகச் சிறிய அடுத்த காரியம் எது, எப்போது செய்வேன்? "நாளைக் காலை பத்து மணிக்குத் தரகருக்குப் போன் போட்டு, அவர்கள் முடிவு என்ன என்று நேராகக் கேட்பேன்." இன்னொரு காரியமும் உண்டு. மகளை உட்காரவைத்து, "உனக்கு என்னம்மா தோணுது?" என்று கேட்பது. நம் வீடுகள் பலவற்றில் இந்தக் கேள்வி கடைசியாகத்தான் கேட்கப்படுகிறது. அதை முதலிலேயே கேட்டிருந்தால் பாதி ராத்திரிகளில் தூங்கியிருக்கலாம்.

கேள்வியை மாற்ற வரவில்லை, மனம் பழைய பள்ளத்திலேயே போய் விழுகிறது என்றால் இன்னொரு வழி இருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லி உங்களிடமே பேசுங்கள். அக்கா தங்கையிடம் பேசுவது போல: "செல்வி, நீ இப்ப ரொம்பக் களைச்சிருக்க. இந்த ராத்திரியில இதுக்கு என்ன செய்ய முடியும்?" மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈதன் கிராஸ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட சோதனைகளில், 'நான்' என்று நினைத்தவர்களைவிட, தம் பெயரையும் 'நீ' என்பதையும் பயன்படுத்தித் தமக்குள் பேசிக்கொண்டவர்கள் மன அழுத்தமான வேளைகளில் நிதானமாக இருந்தார்கள். அடுத்தவர் சிக்கலுக்கு நம்மால் நல்ல யோசனை சொல்ல முடிகிறதல்லவா? அந்தத் திறமையை நமக்கே திருப்பிக்கொள்ளும் வழி இது.

கவலைக்கென்று ஒரு நேரம்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் செய்யப் போகிறேன் என்பவருக்கு நான் இதையே சிபாரிசு செய்வேன். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்க்கோவெக் 1983-இல் இந்த முறையை வெளியிட்டார். கவலையை நிறுத்தச் சொல்லாமல், தள்ளிப்போடச் சொன்னார். தினமும் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. மற்ற வேளைகளில் கவலை வந்தால், 'உன்னை ஆறு மணிக்குப் பார்க்கிறேன்' என்று அதற்கு முறை கொடுத்துவிட்டுக் கையில் உள்ள வேலைக்குத் திரும்ப வேண்டும்.

கேட்க எளிதாகத் தெரியும். செய்யும்போது சில விஷயங்கள் தேவைப்படும். நேரத்தை மாலையில் வையுங்கள், படுக்கப்போகும் நேரத்தை ஒட்டி வைக்காதீர்கள். இடம் என்பது நீங்கள் தூங்கும் கட்டிலாகவோ சாப்பிடும் இடமாகவோ இருக்கக் கூடாது. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது தனியிடம் எங்கே என்று கேட்பீர்கள். மொட்டை மாடி போதும், தெருமுனைக் கோயில் திண்ணை போதும், வேலை முடிந்து வண்டியை எடுக்குமுன் நிற்கும் இடம் போதும். ஒரு சின்ன நோட்டு வேண்டும். பகலில் கவலை தலையெடுத்தால் அதில் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: 'தவணை – 5ஆம் தேதி', 'மாமாவின் ரிப்போர்ட்', 'மேனேஜர் ஏன் கூப்பிட்டார்'. ஒரு வரிக்கு மேல் எழுதக் கூடாது. எழுதியாயிற்று, அது தொலையாது என்று தெரிந்தால் மனம் காவல் காக்கும் வேலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

மாலை ஆறு மணிக்கு நோட்டைத் திறக்கிறீர்கள். சில வரிகள் அதற்குள் செத்துப்போயிருக்கும். மேனேஜர் கூப்பிட்டது விடுப்புப் படிவத்தில் கையெழுத்துக்காக என்று பகலிலேயே தெரிந்திருக்கும். அவற்றை அடித்துவிடுங்கள். வலுக்கட்டாயமாகக் கவலைப்பட வேண்டாம். மிச்சம் இருப்பவற்றில், ஏதாவது செய்ய முடிந்தவற்றுக்கு எதிரே அந்தச் சிறிய அடுத்த காரியத்தையும் நேரத்தையும் எழுதுங்கள். செய்ய ஒன்றுமே இல்லாதவற்றை, அதாவது ரிப்போர்ட் வரும் வரை காத்திருப்பது போன்றவற்றை, மனம் போனபடி நினைத்துக் கவலைப்பட்டுக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அரை மணி ஆனதும் எழுந்துவிட வேண்டும். எழுந்ததும் செய்ய ஒரு வேலையை முன்பே ஏற்பாடு செய்து வையுங்கள். துணி மடிப்பதோ, காய் வாங்கப் போவதோ, எதுவானாலும் சரி.

முதல் சில நாட்கள் தள்ளிப்போட்ட கவலை ஐந்து நிமிடத்தில் திரும்பி வரும். மறுபடி முறை கொடுங்கள். பகலில் இருபது தடவை முறை கொடுக்க வேண்டியிருந்தாலும் அது தோல்வி ஆகாது. அந்த இருபதும் பயிற்சிதான். ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள். போர்க்கோவெக்கின் ஆய்வும் நான்கு வாரம் நடந்தது.

நோட்டின் கடைசிப் பக்கங்களை இன்னொன்றுக்கு ஒதுக்கலாம். 'இப்படி ஆகிவிடுமோ' என்கிற ஒவ்வொரு பயத்தையும், என்ன நடக்கும், எந்தத் தேதிக்குள் தெரியும் என்று எழுதிவைத்து, அந்தத் தேதி வந்ததும் திரும்பிப் பார்ப்பது. அதே பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றில், பொதுவான பதற்றக் கோளாறு உள்ள 29 பேர் தங்கள் பயங்களை இப்படிக் குறித்துவைத்துப் பின்தொடர்ந்தார்கள். சுமார் 91 சதவீதப் பயங்கள் நடக்கவே இல்லை. அடுத்தவர் 'ஒண்ணும் ஆகாது' என்று சொல்வதில் கிடைக்காத ஆறுதல், உங்கள் கையெழுத்திலேயே உள்ள கணக்கில் கிடைக்கும்.

படுக்கையில்

நாளைக்குச் செய்ய வேண்டியவை தலையில் ஓடித் தூக்கம் கெடுபவருக்கு ஒரு தனிக் குறிப்பு. டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 இளைஞர்களை ஆய்வுக்கூடத்தில் தூங்கவைத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. படுக்குமுன் ஐந்து நிமிடம் பாதிப் பேர் வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். மற்றவர்கள் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். ஆகவே 'பாங்க் வேலை' என்று எழுதாமல், 'ஆதார் நகல் எடுத்துக்கொண்டு 11 மணிக்குப் பாங்குக்குப் போவது' என்று எழுதுங்கள்.

எழுதியும் தூக்கம் வரவில்லையா, இருபது நிமிடத்துக்கு மேல் புரளாதீர்கள். எழுந்து வேறிடத்தில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பி வாருங்கள். கட்டிலைக் கவலைப்படும் இடமாக உடம்பு பழகிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான். எழும்போது கைபேசியைக் கையில் எடுக்க வேண்டாம்.

கை கால்களுக்கு வேலை

மனத்தை மனத்தால் மட்டும் திருப்பிவிட முடியும் என்று நம்புவது பெரிய பிழை. அசைபோடுதல் வலுத்துவிட்ட வேளையில் கேள்வியை மாற்றுவதுகூட முடியாது. அப்போது உடம்பைக் கொண்டுதான் மனத்தை நகர்த்த வேண்டும். பாத்திரம் தேய்ப்பது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, நாலு தெரு நடப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது என்று கவனத்தைக் கொஞ்சமாவது கேட்கும் வேலையாக இருக்கட்டும். தொலைக்காட்சி முன் உட்காருவது இந்தக் கணக்கில் சேராது. கண் திரையில் இருக்கும், மனம் தன் போக்கில் மென்றுகொண்டிருக்கும்.

மனச்சோர்வு உள்ளவர்களிடம் 'மனசு சரியானதும் எழுந்து வேலையைப் பார்' என்று சொல்வது தலைகீழ். வேலையைப் பார்க்கத் தொடங்கினால்தான் மனசு மெல்லச் சரியாகிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், விக்ரம் பட்டேலும் சங்கத் என்ற அமைப்பும் இந்தக் கொள்கையில் ஒரு திட்டத்தை நடத்திப் பார்த்தார்கள். மனநல மருத்துவம் படிக்காத, உள்ளூர் மக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட ஆலோசகர்கள், தீவிர மனச்சோர்வில் இருந்தவர்களைச் சில அமர்வுகளில் சந்தித்து, விட்டுப்போன அன்றாடக் காரியங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுக்க உதவினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களில் தேறியவர்கள் அதிகம் என்று 2017-இல் லான்செட் இதழில் முடிவுகள் வெளியாயின. நம் ஊர் சுகாதார நிலையங்களைப் போன்ற இடங்களில், நம்மைப் போன்றவர்களிடம் கிடைத்த பலன் இது.

பேசித் தீர்வதும் பேசி வளர்வதும்

மனம் விட்டுப் பேசினால் பாரம் குறையும் என்பது உண்மை. ஆனால் எந்தப் பேச்சு என்பதைக் கவனிக்க வேண்டும். தினமும் இரவு எட்டு மணிக்குத் தங்கைக்குப் போன் போட்டு, மாமியார் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்லி, தங்கை தன் வீட்டுக் கதையைச் சொல்லி, 'நம்ம தலையெழுத்துக்கா' என்று இருவரும் முடித்தால் அங்கே நடந்தது இரண்டு பேர் சேர்ந்து அசைபோட்டது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் அமாண்டா ரோஸ் 2002-இல் பள்ளிப் பிள்ளைகளிடம் இதை ஆராய்ந்தார். சிக்கலைத் திரும்பத் திரும்பப் பேசும் தோழிகளின் நெருக்கம் கூடியிருந்தது. மனச்சோர்வும் பதற்றமும் கூடவே இருந்தன. நெருக்கம் கிடைப்பதால்தான் இந்தப் பேச்சை விட மனம் வருவதில்லை.

போனை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு விஷயத்தை ஒரு முறை முழுவதுமாகச் சொல்லி முடித்த பிறகு, கேட்பவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "சரி, இதுல நீ என்ன செய்யலாம்னு நினைக்கிற?" அதன் பிறகு பேச்சு பிள்ளைகளைப் பற்றியோ, பார்த்த படத்தைப் பற்றியோ திரும்பட்டும். இப்படி ஒரு ஒப்பந்தத்தைத் தங்கையிடமோ நண்பரிடமோ வெளிப்படையாகப் பேசி வைத்துக்கொள்ளலாம்.

நினைப்பு சரியாக இருக்கும்போது

எல்லாத் துன்பத்தையும் மனத்தின் பழக்கம் என்று சொல்லிவிடும் புத்தகங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. கணவன் அடிக்கிறான் என்றால், கந்துவட்டிக்காரர் வாசலில் நின்று மிரட்டுகிறார் என்றால், வேலை செய்யும் இடத்தில் சாதியைச் சொல்லி இழிவு செய்கிறார்கள் என்றால், அதை நினைத்துத் தூக்கம் வராதது நோய் ஆகாது. மனம் சரியான செய்தியைத்தான் சொல்கிறது. அங்கே தேவைப்படுவது மனப் பயிற்சிக்கு முன்பு பாதுகாப்பும் சட்டத்தின் துணையும். பெண்களுக்கான 181 உதவி எண், காவல் நிலையம், இலவச சட்ட உதவி மையம், சங்கம், நம்பிக்கையான சொந்தம் என்று வெளியே கை நீட்ட வேண்டிய நேரம் அது. 'பாசிட்டிவாக யோசி' என்று அவர்களிடம் சொல்வது கொடுமை.

துக்கமும் வேறு. ஒருவரைப் பறிகொடுத்த வீட்டில் அவரைப் பற்றிய நினைப்பு ஓயாமல் வருவதை அடக்கவோ தள்ளிப்போடவோ வேண்டியதில்லை. அதற்கு அதன் காலம் தேவை.

எப்போது உதவி தேட வேண்டும்

இங்கே சொன்னவை தினசரிக் கவலைக்கும் லேசான சோர்வுக்கும் போதும். இரண்டு வாரத்துக்கு மேலாகப் பெரும்பாலான நேரம் மனம் இருண்டே இருந்தால், முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், தூக்கமும் பசியும் குலைந்து அன்றாட வேலைகள் நின்றுபோனால், அது மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. ஒரே அருவருப்பான அல்லது பயங்கரமான நினைப்பு விருப்பமில்லாமல் புகுந்து, அதைப் போக்கத் திரும்பத் திரும்பக் கை கழுவுவதும் பூட்டைச் சரிபார்ப்பதும் எண்ணுவதுமாக நேரம் கழிந்தால், அது எண்ணச் சுழற்சிக் கோளாறாக இருக்கலாம். அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு. இந்த அத்தியாயத்தின் பயிற்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம்.

மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்ற அரசுச் சேவையின் எண் 14416. கட்டணம் கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் 1926 என்ற எண்ணில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவி கிடைக்கும். வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு முறை வந்தாலும், அது அசைபோடுதலா வேறா என்று ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். சென்னையில் 1986-இலிருந்து இயங்கும் சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பை உடனே கூப்பிடுங்கள். அதன் எண் 044-24640050. வீட்டில் யாராவது அப்படி ஒரு வார்த்தை சொல்லக் கேட்டால், 'சும்மா பேசாதே' என்று அடக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள். அந்த எண்ணை நீங்களே போட்டுக் கொடுங்கள், மறுநாள் மருத்துவமனைக்கு நீங்களே கூடப் போங்கள்.